லூர்தம்மாளின் நிலையான முகவரி

தினமும் காலை ஐந்தரைக்கு ஞானசீலன் எழுவான், பல் துலக்குவான், கதவைத் திறந்து வீடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பான். பெரும்பாலும் முந்தின நாள் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து அடி நகர்ந்திருக்கும். குழாய்ப் பக்கம் நின்றால் மனைவி லூர்தம்மாளுக்குச் சந்தோஷம். குடம் தூக்கும் தூரம் குறைவு. தோல் கிடங்குப் பக்கம் நின்றால் ஜன்னலைச் சாத்திவிடுவாள். அவன் டீ குடித்துவிட்டு, மாலையில் எந்தப் பக்கம் திரும்பி வரவேண்டும் என்று குறித்துக்கொண்டு, செம்பூரில் குமாஸ்தா வேலைக்குப் பஸ் ஏறுவான். 1962இல் கல்யாணமான வாரத்திலிருந்து அந்தத் தகர வீடு இப்படித்தான் நடந்தது. தாராவியில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கத்துவார். அவள் எங்கிருந்தாவது குரல் கொடுப்பாள்.

1964 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை வீடு சாக்கடையோரம் போய் நின்றது. அந்த மண்ணுக்குள் யாரோ இரண்டு சாராயப் பீப்பாய்களைப் புதைத்திருந்தார்கள். பகல் பதினொரு மணிக்குப் போலீஸ் வந்து தோண்டியபோது, பீப்பாய்கள் லூர்தம்மாளின் அடுப்புக்கு நேர் கீழே இருந்தன. அரிசி களைந்துகொண்டிருந்தவளை ஈரக் கையோடு கூட்டிப் போனார்கள்.

மாட்டுங்கா வக்கீல் சுப்ரமணியன் விளக்கினார். குற்றம் செய்தாளா என்பது பிறகு. வெளியே விட்டால் விசாரணைத் தேதிக்கு வருவாளா என்பதுதான் இப்போது மாஜிஸ்திரேட்டின் கேள்வி. அதற்கு ஜாமீன் நிற்க ஒரு ஆளும் நிலையான முகவரியும் வேண்டும். ஆளாகப் பூதத்தான் ரேஷன் கார்டோடு வந்தார். வீடு அவர் பக்கம் போய் நிற்கும் நாட்களில் அவர் பக்கத்து வீட்டுக்காரர்.

"வீடு இருக்கறவ ஓடமாட்டாங்கறது கோர்ட்டோட நம்பிக்கை, ஓய். உம்ம வீடே ஓடறதுன்னா நான் என்னத்தைச் சொல்ல?" என்றார் வக்கீல்.

"கயித்தப் போட்டுக் கெட்டிருவோம் தம்பி. வண்டிமாடே நிக்கி, இது நிக்காதா?" என்றார் பூதத்தான்.

குழாய்க் கம்பத்தோடு கட்டினார்கள். ஒன்பது நாள் வீடு கயிற்றை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றது. ஆனால் மனுவில் ஞானசீலன் தன் அழகான கையெழுத்தில் கைதான அன்றைய இடத்தை எழுதியிருந்தான்: சாக்கடையோரம். பத்தாம் நாள் முகவரியைச் சரிபார்க்க வந்த கான்ஸ்டபிளுக்கு அறுபது அடி தள்ளி வீட்டைக் காட்டினார்கள். அது வீடுதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். குறிப்பிட்ட இடத்தில் வீடு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பெயில் மறுக்கப்பட்டது. மனுவில் எழுதின முகவரியை இனி மாற்றினால் சந்தேகம்தான் வரும் என்றார் வக்கீல். கயிற்றை அவிழ்த்துவிட்டு, வீடு தானாகச் சாக்கடைப் பக்கம் போகட்டும் என்று காத்திருந்தார்கள். அது எதிர்ப்பக்கம் போனது. மறுபடியும் மறுக்கப்பட்டது. ஒவ்வொரு தவணைக்கும் பதினான்கு நாள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மாஜிஸ்திரேட் முகவரியைப் பற்றிக் கேட்காமல், பூதத்தானின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பெயில் கொடுத்தார். ஏன் என்று தெரியவில்லை. உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். விடுதலைக் காகிதங்களை ஐந்து மணிவரைதான் எடுப்பார்கள். மறுநாள் ஞாயிறு. எட்டு நாளாகக் காய்ச்சலில் இருந்த லூர்தம்மாள் ஞாயிறு மத்தியானம் சிறை ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

திங்கட்கிழமை வீடு தாராவியில் இல்லை. ஆறு மைல் நடந்து, சிறை மதிலோரம், வாசலைப் பார்த்து நின்றது. பிறகு நகரவில்லை. விசாரணைத் தேதியன்று கோர்ட்டில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, ஆஜராகவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். 1967இல் மாநகராட்சி ஆள் வந்து கதவில் எண் தகடு அடித்தார். ஞானசீலன் இப்போதும் ஐந்தரைக்கு எழுந்து, கதவைத் திறந்து, வீடு எங்கே நிற்கிறது என்று பார்க்கிறான்.

வீடு நடந்து வந்த அந்தத் திங்கட்கிழமை அவன் அதற்குள் போனபோது தரை முழுக்க அரிசி சிந்திக் கிடந்தது. அவளைக் கடைசியாகப் பார்த்தது வியாழக்கிழமை, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று. சனிக்கிழமை பெயில் கிடைத்துவிடும் என்று சொன்னான். அவள் தலையாட்டினாள்.

"அரிசி டப்பாவ இறுக்கி மூடி வைங்க. வீடு நடக்கையில சிந்திரும்" என்றாள்.