விருந்தாளிக்கு ஏலக்காய் டீ

வெளிநாட்டு ஏலக்காய்க்கு வரியைக் குறைத்தால் போடி மலைக்காரன் பிழைக்க முடியாது என்று முறையிடத்தான் கர்ணன் வணிகத் துறை அதிகாரி ஒருவரைத் தன் தோட்டத்து வீட்டுக்கே அழைத்து வந்திருந்தான். முதலில் டீ வந்தது.

"அடடா, என்ன வாசம்! இதோட எந்த நாட்டுக் காய் போட்டி போடும்? நீங்க எதுக்குப் பயப்படுறீங்க?" என்றார் அதிகாரி.

கர்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுக்களையிலிருந்து அவன் அக்கா பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏலே, நம்ம காயத்தான் ஒண்ணு விடாம ஏலத்துக்கு அனுப்பிட்டியே. இது பஜார்ல வாங்குன குவாத்தமாலா காயி. பாதி வெல."

கர்ணனுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"பாத்தீகளா சார்? வெளைவிக்கிற எங்க வீட்டுக்குள்ளயே வந்துருச்சு. இனி எங்க காய யாரு வாங்குவாக?"

அதிகாரி முதல்முறையாகப் பேனாவைத் திறந்தார்.

"சாருக்கு இன்னொரு டீ போடவா?" என்றாள் பஞ்சம்மாள். "எந்த நாட்டுக் காயில?"