பம்பையோடு ஒரு மைல்

என் பெயர் சுப்பையன். பகலெல்லாம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். கோயில் திருவிழா, நோம்பி என்று வந்தால் பம்பை மேளம் அடிக்கிறவன். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும், மற்றபடி நான் சாது. அறுபத்தெட்டாம் வருஷம் பொங்கலுக்கு மறுநாள் நடந்த ஓட்டப் பந்தயத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

பத்து மைல் பந்தயம். வீரபாண்டியில் தொடங்கி, பல்லடம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, ஊருக்குள் வந்து, நொய்யல் பாலத்தைத் தாண்டி, மண்ணரைப் பள்ளிக்கூட மைதானத்தில் முடிய வேண்டும். நடத்தியது எங்கள் தொழிலாளர் மன்றம். மன்றத்துச் செயலாளர் கந்தவேல், கருப்புச் சட்டைக்காரர். சாமி இல்லை என்று காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் மனுஷன் தங்கம்.

ஓடுகிறவர்கள் சோர்ந்து போகாமலிருக்க வழியில் அங்கங்கே வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. தொடக்கத்தில் பேண்டு செட், நடுவழியில் நாயனம் என்று ஏற்பாடு ஆகிவிட்டது. கடைசி மைல் தொடங்குகிற பாலத்தில் நிற்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை. மொட்டை வெயில், ஒதுங்க ஒரு மரமில்லை. நான் போய்க் கேட்டேன்.

"பம்பையாங்க? அது கோயில் வாத்தியமுங்களே" என்று இழுத்தார் கந்தவேல்.

"தோலும் கட்டையுந்தானுங்க. சாமியே இல்லைங்கறவருக்குப் பம்பையக் கண்டு என்னங்க பயம்?"

சிரித்துவிட்டார். "செரி, அடிங்க. ஆனா தாளம் மட்டுந்தான். சாமி கீமின்னு ஏதாச்சும் வந்துதுன்னா உங்களத்தான் கேப்பேன்."

அந்த இடத்தை நான் கேட்டு வாங்கியதற்குக் காரணம், என் தங்கை பூவாத்தாளின் புருஷன் சின்னான். அவரும் ஓடினார். சாயப்பட்டறையில் தொட்டிக்குள் இறங்கித் துணி மிதிக்கிற வேலை அவருக்கு. மிதித்து மிதித்துக் கால் இரண்டும் இரும்பாகியிருந்தன. ஆனால் தோல் வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண். வேலை இருக்கிற நாளைக்குச் சாப்பாடு, இல்லாத நாளைக்கு என் வீட்டுச் சாப்பாடு. பூவாத்தாளுக்கு ஏழாம் மாசம். பந்தயத்தில் முதல் மூன்று இடம் பிடிக்கிறவர்களைத் தங்கள் ஓட்டக் குழுவில் சேர்த்து, நிரந்தர வேலையும் தருவதாகக் கோயமுத்தூர் மில் ஒன்று சொல்லியிருந்தது. மூன்றில் ஒன்றாக வந்தால் போதும், அந்தத் தொட்டிக்குள் மறுபடி இறங்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தெருக் கருப்பராயன் கோயிலில் சாமியாடி சின்னான்தான். பம்பையில் சாமியை அழைக்கிறதற்கென்று ஒரு அடி உண்டு. அதை நான் அடித்தால் அவர் மேல் சாமி வரும். ஆறு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. பந்தயத்துக்கு முதல் நாளே பூவாத்தாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நாளைக்கு அந்த அடிய மட்டும் அடிச்சுப் போடாதீங்க."

"ஏன், எனக்குத் தெரியாதா?"

"தெரியும். கோவம் வந்தா உங்க கை எங்க போவுதுன்னுதான் உங்களுக்குத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நானும் உடுக்கை அடிக்கிற லிங்கசாமியும் பாலத்தின் தென்கோடியில் நின்றோம். கரும்பும் கையுமாகச் சனம் கூடிவிட்டது. முப்பத்திரண்டு பேர் ஓடுவதாகச் சொன்னார்கள். முதல் ஆளாக வந்தது என் மாப்பிள்ளை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் வர வரத்தான் தெரிந்தது, ஆள் ஓடவில்லை, தள்ளாடிக்கொண்டு நடக்கிறார். உதடு வெளுத்துப் போயிருந்தது. ஒரு பர்லாங்கு பின்னால் அவிநாசிப் பக்கத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். நான் நல்ல துள்ளலாக ஒரு தாளம் போட்டேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

அப்போது பார்த்து மருதாசலம் லாம்பிரட்டா ஸ்கூட்டரில் வந்து நின்றார். வீரபாண்டியில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறவர். அவருடைய ஆள் சென்னியப்பனும் பந்தயத்தில் இருந்தார். மருதாசலம் என் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் சுப்பையா, உங்காளு சந்தைக்குப் போறாருங்களா? கையில ஒரு பையக் குடுத்து உடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. தங்கச்சி சொன்னது சரிதான். கை தன்பாட்டுக்கு அந்த அடிக்குப் போய்விட்டது. விவரம் தெரியாத லிங்கசாமியும் உடுக்கையோடு சேர்ந்துகொண்டான்.

பாலத்தின் நடுவே சின்னான் நின்றார். உடம்பு ஒரு உலுக்கு உலுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு எகிறிக் குதித்தார். தளர்ச்சி எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆனால் முன்னால் ஓடத்தானே தெம்பு வேண்டும், அவர் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி ஆடுகிறார்.

அட கெரகமே என்று தலையில் அடித்துக்கொள்ள எனக்குக் கை காலியாக இல்லை. கூட்டம் பாலத்துக்குள் பாய்ந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மருதம்மாள் என்று எங்கள் தெருக்காரி, காலில் விழுந்து, "சாமி, எம்பட மாடு ரெண்டு நாளா ஊடு வரலீங்க" என்று ஒப்பாரி வைத்தாள். "வடக்க போய்ப் பாரு" என்றது சாமி. அடுத்த ஆள் மகள் கல்யாணத்தைக் கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. அந்த நேரத்தில் அவிநாசிப் பையன்கள் இரண்டு பேரும் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சென்னியப்பனும் கைப்பிடிச் சுவரோரமாகக் கடந்து போனார். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. மூன்று பேரும் போயாயிற்று.

"நிறுத்துங்கண்ணா, நிறுத்துங்க" என்றான் லிங்கசாமி.

நிறுத்தலாமா? சூடம் காட்டி, திருநீறு போட்டு, சாமியை மலையேற்றிய பிறகுதான் பம்பை நிற்க வேண்டும். பாதியில் நின்றால் ஆடுகிறவர் கட்டையாக விழுந்துவிடுவார். ஒரு நோம்பியில் அப்படி விழுந்து ஒரு மணி நேரம் எழவில்லை. பாலத்தின் மேல் சூடத்துக்கு எங்கே போவேன்? தொட்டியும் வெடித்த காலும் ஏழு மாச வயிறும் என் கண் முன்னால் வந்து நின்றன. என்மேல் எனக்கே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் யோசனையும் வந்தது. நோம்பியில் சாமி ஆற்றுக்குப் போகும்போது பம்பை முன்னால் போகும், சாமி பின்னால் வரும். பம்பை போகிற பக்கம்தான் சாமி போகும். நான் கூட்டத்தை முட்டிக்கொண்டு உள்ளே போய், மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று, மண்ணரைப் பக்கம் திரும்பி, அடித்துக்கொண்டே நடந்தேன். சின்னான் ஆடிக்கொண்டே பின்னால் வந்தார். நடையை எட்டிப் போட்டேன். அவரும் எட்டிப் போட்டார். செரி, கருப்பராயா, வா போகலாம் என்று ஓட ஆரம்பித்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு. பம்பை என்றால் ஒன்றல்ல, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம். கயிறு இடுப்பை அறுத்தது. வேட்டி அவிழ்ந்தால் பிடிக்கக் கையில்லை. லிங்கசாமி பாலம் இறங்கும் முன்பே உட்கார்ந்துவிட்டான். நான் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம். பின்னால் தொம் தொம் என்று காலடி கேட்டது, அது போதும் என்று ஓடினேன். அதற்கும் பின்னால் மருதம்மாள் முதல் அத்தனை சனமும் ஓடி வந்தது.

பள்ளிக்கூடத்து மதில் தெரிகிற இடத்தில் முன்னால் சென்னியப்பன் போய்க்கொண்டிருந்தார். முப்பது கஜ தூரம் இருக்கும். எட்டிப் பிடிக்க வழியில்லை என்றுதான் நினைத்தேன். பம்பைச் சத்தம் கேட்டு அவர் திரும்பினார். சாமி வருகிறது என்று கண்டதும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ரோட்டோரம் ஒதுங்கிக் கையெடுத்துக் கும்பிட்டு நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் சாமிக்கு முன்னால் எவன் போவான்? நாங்கள் அவரைத் தாண்டி மைதானத்துக்குள் நுழைந்தோம். முடிவுக் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் நான் ஒதுங்க, என் மாப்பிள்ளை மூன்றாவது ஆளாகப் போய் விழுந்தார். அடுத்ததாகச் சென்னியப்பன் வந்தார்.

சூடம் கொண்டுவரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் மருதாசலம் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு வந்தார்.

"ஒத்துக்க முடியாதுங்க. எங்காளு முன்னால இருந்தாரு. சாமின்னு வழி உட்டாரு. பந்தயத்துல சைக்கிள் ஏறி வந்தா ஒத்துக்குவீங்களா? இதும் அப்படித்தானுங்க. ஓடுனது சாமி. வேலையச் சாமிக்குக் குடுங்க."

மில்லிலிருந்து வந்த அதிகாரி மூன்றாவது பெயரை எழுதாமல் பேனாவோடு கந்தவேலைப் பார்த்தார். கந்தவேல் தொண்டையைச் செருமினார்.

"சாமி ஓடுச்சுன்னு எப்படிங்க எழுதறது? அப்படி ஒண்ணு வரவே இல்லீங்க."

கூட்டம் முறைத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "வரலையா? நான் அடிச்ச அடிக்கு வராம எங்கீங்க போகும்? பாலத்துலருந்து கோடு வரைக்கும் ஓடி வந்தது சாட்சாத் கருப்பராயனுங்க" என்றேன்.

மைதானத்தில் காத்திருந்த பூவாத்தாள் பின்னால் வந்து என் முதுகில் நறுக்கென்று கிள்ளினாள். "அண்ணா, கம்முனு இருங்க. ஊட்டுல சோத்துக்கு நிக்கறது நாங்கதான், கருப்பராயன் இல்ல."

கந்தவேல் வேறு வழியில்லாமல் சின்னானிடமே போய்க் குனிந்தார். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்களே சொல்லுங்க. ஓடுனது யாருங்க?"

சாமி என்று சொன்னால் வேலை போச்சு. நான்தான் என்று சொன்னால், சொந்தத் தெருவே பின்னால் ஓடி வந்து நிற்கிறது, அது என்ன சொல்லும்? சின்னான் பூவாத்தாளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"பாலத்துல வந்தது நெசமுங்க. பாலம் எறங்கறப்பவே மலையேறிப் போச்சுங்க. அதுக்கு மேல ஓடுனது நாந்தான்."

"அப்பறம் ஏனுங் மாப்ள ஆடிக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நெனவு வந்து பாத்தா முன்னால நீங்க ஓடறீங்க மச்சான். நான் தெளிஞ்சுட்டேன்னு தெரிஞ்சா அடிய நிறுத்திப் போடுவீங்க. அடி நின்னா எங்காலும் நின்னு போகுமுங்க. அதான் ஆடுனேன்." சென்னியப்பன் பக்கம் திரும்பினார். "ஆனா நீங்க கும்புட்டப்ப நான் சொல்லியிருக்கோணுமுங்க. சொல்லல. அது தப்பு. அந்த எடத்த அவருக்கே குடுத்துருங்க."

பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அவரை இரண்டு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

சென்னியப்பன் இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

"எனக்கு வேண்டாமுங்க" என்றார்.

"என்ன பேசற நீ?" என்றார் மருதாசலம்.

"இல்லீங் மொதலாளி. எனக்கு மதில் தெரியறப்பவே மூச்சு முட்டிப் போச்சுங்க. சித்த நிக்க ஒரு சாக்குக் கெடைக்காதான்னு இருந்தேன். பம்பச் சத்தம் கேட்டுது. பக்தியாவது கிக்தியாவது, நிக்கறதுக்காகத்தானுங்க கும்புட்டேன். சாமி வந்துதா வல்லையான்னு நான் பாக்கவே இல்ல."

கந்தவேல் சிரிக்க ஆரம்பித்தார். "அப்ப ஓடுனவரு மேலயும் சாமி இல்ல, கும்புட்டவரு மனசுலயும் சாமி இல்ல. எழுதிக்கங்க சார், மூணாவது சின்னான்."

அதிகாரி எழுதினார். மைதானமே சிரித்தது, மருதாசலம்கூடச் சிரித்துவிட்டார். பூவாத்தாள் சின்னானின் காலடியில் உட்கார்ந்து அவருடைய வெடித்த பாதத்தை முந்தானையால் துடைத்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஒரு மைல் முழுக்கப் பின்னால் வருவது கருப்பராயன் என்று நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவன் நான் ஒருத்தன்தான். இடுப்பில் கயிறு அறுத்த இடம் எரிந்தது. பம்பையைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பூவாத்தாள் மிச்சச் சோடாவை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்ணா, நாலு படி ஏறுனா உங்களுக்கு மூச்சு வாங்குமே. இத்தன பாரத்தக் கட்டிக்கிட்டு ஒரு மைலு நீங்களா ஓடுனீங்க?"

நான் கந்தவேலைப் பார்த்தேன். அவர் காதில் விழாதது போல, இன்னொரு சோடா வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.