சிஸ்டரம்மா பார்த்த நாடி

சிஸ்டரம்மா ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் உடம்பு மட்டும் இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் மெஷின் 'பீப்' என்றால் போதும், வாய்க்குப் போன காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவார். பாதி வழியில்தான் உறைக்கும், அங்கே உயிருக்குப் போராடுவது யாருமில்லை, ஈரப் போர்வை என்று.

"பேஷண்ட் எப்படி இருக்கு, சிஸ்டர்?" என்பார் கணவர். அதே மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர். பேரப்பிள்ளை எடுத்த பிறகும் மனைவியை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கேட்டவர்கள் சிரித்தால் அவருக்கென்ன!

ஒருநாள் அந்த மனுஷன் மாடிப்படி ஏறி வந்து, லேசாகத் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தார். அவ்வளவுதான், சிஸ்டரம்மாவுக்குள் இருந்த நர்ஸ் முழித்துக்கொண்டார். நாடி பார்க்கிறேன் என்றால் "ஆரம்பிச்சுட்டியா" என்று கையை இழுத்துக்கொள்வார். அதனால் சாயங்காலம் டிவி முன்னால் ஒட்டி உட்கார்ந்து, ஆசையாகப் பிடிப்பதுபோல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுவர்க் கடிகாரத்தில் வைத்து எண்ணினார். கடவுளே, நாடி தலைதெறிக்க ஓடியது! மறுநாளும் அப்படியே.

கிளினிக்குக்கு இழுத்துப் போனார். அங்கிருந்த சின்ன வயசு டாக்டர் பொண்ணு பார்த்துவிட்டு, "சார் ஜம்முனு இருக்காரு. உங்களைத்தான் பார்க்கணும்போல இருக்கு. டியூட்டி முடிஞ்சு போச்சுன்னு உங்க நரம்புக்கு இன்னும் யாரும் சொல்லல, சிஸ்டர்" என்றாள்.

"எனக்கென்ன? நான் கல்லு மாதிரி இருக்கேன்!" என்று சிஸ்டரம்மா விருட்டென்று எழுந்து வந்துவிட்டார். வந்தவர் சும்மா இருந்தாரா? பெரிய மருத்துவமனையில் பேசி, கணவரின் இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்துவிட்டார். இவள் நிம்மதியாகத் தூங்கினால் சரி என்று அவரும் தலையாட்டினார்.

விடிந்தால் ஆஸ்பத்திரி. அன்று சாயங்காலமும் கையைப் பிடித்தாயிற்று.

"என்ன சிஸ்டர், கொஞ்ச நாளா ஆசை பொங்கி வழியுது? அன்னைக்கு ரத்த தானத்துல பிடிச்ச மாதிரியே பிடிக்கிற."

அந்தக் கதை மருத்துவமனைக்கே தெரியும். ஸ்பிரிட் வாசனை அடிக்கும் நீளக் கூடம், கிரீச்சிடும் மின்விசிறி, வரிசையாக நாற்காலிகள். பயிற்சிக்குப் புதிதாக வந்திருந்த சிஸ்டரம்மா, ரத்தம் கொடுக்க உட்கார்ந்த எக்ஸ்ரேக்காரரின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "ஐயோ, இவருக்குப் படபடன்னு அடிக்குது!" என்று கத்திவிட்டார். பெரிய நர்ஸ் வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. பொண்ணு நகர்ந்ததும் அடங்கிவிட்டது என்று கூடமே கொல்லென்று சிரித்தது. பிறகு கல்யாணத்திலும் அதே கேலி. "என்னைப் பார்த்ததுமே மனுஷன் ஆடிப்போயிட்டாரு" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி சிஸ்டரம்மாவுக்கு அலுக்கவேயில்லை. எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

இப்போது சிஸ்டரம்மாவின் கண் நிறைந்துவிட்டது. "சிரிக்காதீங்க. நான் நாடி பார்க்கிறேன். தினமும் ஓடுதுங்க. எனக்குப் பயமா இருக்கு."

கணவர் தன் மணிக்கட்டைக் குனிந்து பார்த்தார். "சிஸ்டர், எந்த விரலை வச்சிருக்க?"

ஆசையாகப் பிடிப்பதுபோல் பிடித்ததில் மணிக்கட்டில் பதிந்திருந்தது கட்டைவிரல். அந்த விரலுக்குச் சொந்தத் துடிப்பு உண்டு, அதை வைத்தால் உன் நாடியைத்தான் எண்ணுவாய் என்று பயிற்சிக்கு வந்த எத்தனை பெண்களை சிஸ்டரம்மாவே திட்டியிருக்கிறார்! மற்ற விரல்களை வைத்துப் பார்த்தார். கணவரின் நாடி சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

"அப்ப ஓடினது... என்னுதா?"

"உன்னுதுதான்."

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்து நிற்கவேயில்லை. அந்த வார்டில் அழ நேரமில்லாமல் விழுங்கியதெல்லாம் மொத்தமாக வந்தது. கணவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூச்சை மெதுவா விடு. இங்க எந்த மணியும் அடிக்கல. காலைல அந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டாம்னு சொல்லிடலாம். டாக்டர் பொண்ணுகிட்ட போவோம், உனக்காக."

மெல்ல மெல்ல அடங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்ட சிஸ்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏங்க, அன்னைக்கு ரத்த தானத்துல?"

"அன்னைக்கும் கட்டைவிரல்தான்."

"அப்பவே தெரியுமா? ஊரே உங்களைக் கேலி பண்ணுச்சே, ஏன் வாயைத் திறக்கல?"

"சொல்லியிருந்தா நீ கையை எடுத்திருப்பியே."