மேகமில்லாத மொட்டைமாடி

மே மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானத்தில் மேகமில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. செயற்கைக்கோள் படங்களால் அன்றாட வாழ்வுக்கு என்ன பயன் என்பதை, நூலகக் கூடத்தில் வரைபட அலுவலர் பொதுமக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மக்களோ கொட்டாவி விட்டனர். முன்வரிசையில் அவருடைய மாமியார் மட்டும் பெருமையோடு நிமிர்ந்திருந்தார்.

"வெள்ளையடிச்ச மாடி வெயிலைத் திருப்பி அனுப்பிடும். எந்த மாடிக்கு அடிக்கலைன்னு போன வாரம் எடுத்த இந்தப் படமே சொல்லிடும்," என்றார் அலுவலர்.

"அப்போ நம்ம வீட்டைக் காட்டுங்க மாப்பிள்ளை!"

மாடியறையில் வெந்துகொண்டிருந்த மாமியாரிடம், போன மாதமே வெள்ளையடித்தாயிற்று என்று அலுவலர் அளந்திருந்தார். மூட்டுவலிக்காரர் இரும்பேணி ஏறியா பார்க்கப்போகிறார் என்ற துணிச்சல்.

"அது... அந்தப் பக்கம் மேகம் மறைச்சிருக்கு அத்தை."

"பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி பளிச்சுன்னு தெரியுதே! மேகம் நம்ம வீட்டு மேல மட்டும் வாடகைக்கா இருக்கு?"

கூடம் கொல்லென்று சிரித்தது. வேறு வழியின்றி அவர் படத்தை நகர்த்தினார். வெண்மாடிகளின் நடுவே அவர் வீடு அடுப்புக்கரிபோல் கிடந்தது.

கூட்டத்தில் தூங்கிவழிந்த தையற்காரர் ஒருவர் துள்ளியெழுந்தார். "அட, இது உருப்படியான சமாச்சாரமா இருக்கே! என் மச்சானும் அடிச்சாச்சுன்னுதான் சொல்றான். அவன் வீட்டையும் போடுங்க சார்!"

அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது.

நிகழ்ச்சி முடிந்த கையோடு அலுவலர் வாளியும் தூரிகையுமாக ஏணி ஏறினார். கீழே குடை பிடித்து அமர்ந்திருந்த மாமியார் கேட்டார்: "அடுத்த படம் எப்போ எடுப்பாங்க?"

"வியாழக்கிழமை அத்தை."

"அதைப் பார்த்துட்டு நம்புறேன்."

கடைசி மூலை வெளுத்தபோது மாலை மணி ஐந்து நாற்பது.