சிலைக்குப் பின்னால் ஒரு தெரு

1

படார்! தாராவிக் குழாயடியில் ஒரு பித்தளைக் குடம் விழுந்தது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான்.

[கெட்ட சகுனம் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஊர்ப்பயணம் முடிந்து நாங்கள் தெருவுக்குள் வருவதைப் பார்த்ததும் செண்பகவல்லி குடத்தை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அவ்வளவுதான்.]

நான் எழுத வேண்டியிருந்தது பயணக் கட்டுரை. 1966 மே மாதம் எங்கள் சங்கத்தார் தலைவர் பிறந்த ஊரைப் பார்க்கப் போனார்கள். வார இதழுக்காக நானும் ஒட்டிக்கொண்டேன். தலைவரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதையை அவர் எடுத்துக்கொள்வார். இந்தக் கதைக்கு வேண்டியவர் வெயிலுமுத்து, செண்பகவல்லியின் கணவர். குர்லாப் பட்டறை ஒன்றில் வெல்டிங் வேலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தகிக்கும் வெயிலில், வானை நோக்கி விரல் உயர்த்தி நிற்கும் தலைவரின்...'

வேண்டாம். எல்லாச் சிலையும் விரலை உயர்த்தித்தான் நிற்கிறது.

பிறந்த வீட்டில் தொட்டிலைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டோம். எல்லாச் சாதியாரும் ஒரே கயிற்றில் இறைக்கலாம் என்று அவர் திறந்துவிட்ட கிணறு வற்றிக் கிடந்தது; மேலே கம்பிவலை. தாகத்தில் எல்லோரும் சோடாக் கடைக்கு ஓடினோம். வெயிலுமுத்து மட்டும் சிலைக்குப் பின்னாலிருந்த தெருவுக்குள் போனார். அது செண்பகவல்லி பிறந்த தெரு.*

போட்டோ எடுக்கிற நேரத்துக்குத்தான் வந்தார். சங்கச் செயலாளர் கணேசபாண்டியன் கத்தினார்:

"ஏ வெயிலுமுத்து! தலைவர் பக்கத்துல நிக்க ஒமக்கு என்னவே வெக்கம்? பொண்ணு பாக்கவா கூட்டியாந்திருக்கோம்? ஜல்தி வாரும்!"

* சிலையைச் சுற்றிக் கம்பிவேலி போட வந்தவர்களில் வெயிலுமுத்துவும் ஒருவர். வேலி முடிந்த வாரமே அவரும் செண்பகவல்லியும் பம்பாய்க்கு ரயிலேறிவிட்டார்கள். அவர் சாதி என்ன, அவள் சாதி — [ஆசிரியர் வெட்டுவார். நானே வெட்டிவிட்டேன்.] அவள் வீட்டுப் படியை அவர் மிதிக்கக்கூடாது. அது தெரிந்தால் போதும். ஒன்பது வருடமாக ஊரிலிருந்து ஒரு கடுதாசி இல்லை. நாங்கள் கிளம்பும்போது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: "எங்கம்மை நம்மள ஏத்துக்கிடுவாளான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்க."

3

வெயிலுமுத்துவைக் கோழையாக எழுதலாமா? எனக்குச் சந்தேகம் தீரவில்லை. திரும்பும் ரயிலில் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"கதவு தெறந்துதான் கெடந்துச்சு, அண்ணாச்சி. அத்தை வெளிய வந்தாவ. 'செலயப் பாக்க வந்தியளா? வழி தப்பி வந்துட்டிய, அந்தால திரும்பிப் போங்க'ன்னாவ. தண்ணி கேட்டேன். குடுத்தாவ. 'நான் ஒங்க மருமவன்'னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. தண்ணியோட உள்ள போயிட்டு."

"அடையாளம் தெரியலையா?"

"அப்பம் எலும்பும் தோலுமா, அழுக்கு வேட்டியோட நின்னேன். இப்பம் பேண்ட்டு, கூலிங் கிளாஸு. யாரு கண்டா?"

பீடியை வாயில் வைத்தவர் பற்றவைக்கவே இல்லை. கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் அது அப்படியே இருந்தது.

4

முடிவு ஒன்று: தாய் அவரை அடையாளம் கண்டு கதறுகிறாள், மகளுக்குப் பட்டுச் சேலை கொடுத்தனுப்புகிறாள். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஓவியர் கண்ணீரை அழகாகப் போடுவார்.

முடிவு இரண்டு: துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தாய்...

பாதியிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டிலும் வெயிலுமுத்து வாய் திறந்து தான் யாரென்று சொல்லியாக வேண்டும். வாய் திறந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது. அவருக்கும் ரயிலில் பீடியைப் பற்றவைக்க மறந்த அந்த முகம் வந்திருக்காது.

5

குழாயடியிலிருந்து ஓடிவந்தவள் அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். நானும் அவர்களோடு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.

"அம்மையப் பாத்தியளா?"

"பாத்தேன். சொகமா இருக்காவ."

"கேட்டியளா?"

"தண்ணி கேட்டேன். குடுத்தாவ. குடிச்சிட்டு வந்துட்டேன்."

"ஆத்தாடி! இம்புட்டுத் தூரம் போயி தண்ணியா குடிச்சிட்டு வந்திய?"

சிரித்தாள். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றது. அடுத்து அவள் ஒன்று கேட்டதும் வெயிலுமுத்து என்னைப் பார்த்தார். ரயிலில் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்தப் பதிலை எழுதவும் கை வரவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கேட்டது இதுதான்:

"செம்ப ஒங்க கையில குடுத்தாளா, இல்ல தூக்கி ஊத்துனாளா?"