கருத்துப் பெட்டி இல்லாத தளம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி எழுதும் வலைப்பூ மூன்று மாதமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. திறந்தால் 'டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை' என்று ஒரே வரி. அப்டேட் போட்டால் பூட்டிக்கொள்ளும். போடாவிட்டால் எவனோ உள்ளே புகுந்து மாத்திரை விளம்பரம் ஒட்டிவிட்டுப் போவான்.

"டேட்டாபேஸே வேண்டாம் அண்ணி," என்றான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கொழுந்தன். "ஒரு பதிவுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஃபோல்டர்ல போட்டா தளம் ரெடி. கெட்டுப்போக அதுல ஒண்ணுமே கிடையாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் மாற்றிக் கொடுத்தான். பீடை ஒழிந்தது என்று பழைய கணக்கை மூடும் பொத்தானை அவளே அழுத்தினாள். புதுத் தளம் கண் இமைப்பதற்குள் திறந்தது.

செவ்வாய்க்கிழமை ஒரு பதிவு போட்டுவிட்டு வழக்கம்போல் கீழே உருட்டிப் பார்த்தாள். கருத்துப் பெட்டி இல்லை. பழைய பதிவுகளிலும் இல்லை.

அங்கேதான் அக்கா இருந்தாள்.

கடையை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு இடது கண் லென்ஸ் வலதிலும் வலது இடதிலும் மாறிப்போனது யார் தவறு என்று மூண்ட சண்டையில், அக்கா வேறு ஊரில் வேறு கடைக்குப் போய்விட்டாள். நான்கு வருடமாகப் போன்கூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் வந்து குற்றம் கண்டுபிடிப்பாள். 'டிஷ்யூவால் துடைக்கச் சொல்லாதே, கீறல் விழும்.' 'ஸ்க்ரூ அளவு தப்பு.' தங்கை பதில் எழுதமாட்டாள்; சத்தமில்லாமல் பதிவைத் திருத்துவாள். அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

"கமென்ட் எல்லாம் எங்கடா?" அவள் போட்ட கத்தலில் கொழுந்தன் போனிலேயே திணறினான்.

"அது டேட்டாபேஸ்ல இருந்துச்சு அண்ணி. இதுல கமென்ட் வசதியே கிடையாது. நீங்கதானே எதுவும் வேண்டாம்னீங்க..."

"நான் வேண்டாம்னது அந்த எழவெடுத்த எரரை!"

பழைய வலைப்பூவுக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனிக்கு மூன்று முறை எழுதினாள். மூடிய கணக்கை மீட்க இயலாது என்று மூன்று முறையும் ஒரே பதில். யார் மேல் எரிந்து விழுவது? பொத்தானை அழுத்தியது அவள் விரல். பாவம், ஃபிரேம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

அக்காவின் எண் போனில் இருந்தது. எடுத்துப் பார்த்தாள், வைத்தாள். நான்கு வருடம் கழித்து, கமென்ட் காணோம் என்று சொல்லவா கூப்பிடுவது?

வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"பெட்டிய எடுத்துட்டே. என் வாயை அடைக்கத்தானே?" எடுத்த எடுப்பில் அக்கா. குரல் உடைந்திருந்தது.

"நான் எடுக்கலக்கா. அது..." டேட்டாபேஸ், டெக்ஸ்ட் ஃபைல் எதுவும் வாயில் வரவில்லை. "நீ எழுதினதெல்லாம் போச்சுக்கா. ஒண்ணுகூட இல்ல." தங்கை அழுதுவிட்டாள்.



"சரி, பேனா எடு," என்றாள் அக்கா. "நோஸ் பேடை வெந்நீர்ல போடுன்னு எழுதியிருக்கே பாரு, அது சுத்தத் தப்பு. அதை முடிச்சுட்டு முதல் பதிவுலேர்ந்து வருவோம்."