முன்னாலா, பின்னாலா

1.
மார்ச் 11, காலை 10.40. கிடங்கின் மூன்றாம் வரிசைத் திருப்பத்தில் ஃபோர்க்லிஃப்ட் மோதி, சுமை ஏற்றுபவர் ஒருவரின் கால் முறிந்தது.

இந்தக் கதை அதிலிருந்து பிறக்கவில்லை. விசாரணை அறிக்கையின் நான்காம் பக்கத்து வரி ஒன்றிலிருந்து பிறந்தது: "சாட்சிக்குத் திசை தெரியவில்லை." ஒரு மனிதரின் இரண்டு காதையும் மூன்றே சொல்லில் ரத்து செய்த அந்த நடையழகைக் கண்டு, எழுதுகிறவன் என்ற முறையில் பொறாமைப்பட்டேன்.

2.
முதல் தொடக்கம்: "காவலாளியின் காது கூர்மையானது, ஒரு..." (அடித்துவிட்டேன். உவமை தேடினால் வௌவால் வந்து தொங்குகிறது.)

செய்தியாகவே சொல்கிறேன். திருப்பத்தில் ஓட்டுநர் ஹாரன் அடித்தாரா? அடித்திருந்தால் வேலை தங்கும், இல்லையென்றால் போகும். அடிபட்டவருக்கு நினைவில்லை. சத்தத்தைக் கேட்டவர் காவலாளி ஒருவர்தான். அவர் நாற்காலிக்கு நேரெதிரே மூன்றாம் வரிசை, முதுகுக்குப் பின்னால் வாசல். அவர் ஓட்டுநரின் மனைவிக்கு அண்ணன். (மைத்துனன் சாட்சியை யார் நம்புவார் என்கிறீர்கள். உறவை மாற்றிப் பார்த்தேன், கதை ஒத்துக்கொள்ளவில்லை.)

3.
"சத்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்றார் விசாரணை அதிகாரி.

"முன்னாடிலேருந்து சார்."

"பின்னாடி வாசல்ல லாரி நின்னுச்சே. அது அடிச்சிருக்கலாம்ல?" (லாரிக்காரரை யாரும் கேட்கவில்லை.)

"இல்ல சார். தலையைத் தூக்கித் திருப்பிக் கேட்டேன். முன்னாடிதான்."

"சரி, கண்ணை மூடுங்க. தலையை ஆட்டக் கூடாது."

அதிகாரி சாவிக்கொத்தைக் குலுக்கினார். இடது, சரி. வலது, சரி. பிறகு மூக்குக்கு நேரே.

"பின்னாடி சார்."

பிடரிக்கு நேரே.

"முன்னாடி."

"மூஞ்சி எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அதைத் திருப்ப விட மாட்டேங்கறீங்களே."

4.
(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது.) நேரெதிரே வரும் ஒலி ஒரு பாகை விலகினாலும் மனிதர் கண்டுகொள்வார். இரு காதுகளுக்கும் இடையே ஒரு நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு தாமதம் போதும். ஆனால் நேர் முன்னிருந்து வருவதும் நேர் பின்னிருந்து வருவதும் இரு காதையும் ஒரே கணத்தில் தொடுவதால், ஆள் குழம்பக்கூடும். தலையைச் சற்றே திருப்பினால் குழப்பம் தீரும். அதிகாரி தடுத்தது அதை மட்டும்தான். கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளிவிட்டு நீச்சல் தெரியுமா என்று பார்ப்பதும் சோதனைதான்.

5.
முடிவு (அ): காவலாளி இதையெல்லாம் எடுத்துச் சொல்கிறார். (நான் படித்ததை அவர் வாயில் திணிப்பது அநியாயம்.)

(ஆ): அதிகாரி மனம் மாறுகிறார். (சிரிக்காதீர்கள்.)

(இ): உண்மையில் ஓட்டுநர் ஹாரனே அடிக்கவி... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. முடித்திருந்தால் இந்தக் கதைக்கு விருது கிடைத்திருக்கும்.)

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் ஓட்டுநர் கேட்டார்: "மச்சான், நீங்களாவது நம்பறீங்களா, நான் அடிச்சேன்னு?"

"நம்பறதுக்கு என்ன இருக்கு மாப்பிள்ளை. கேட்டேன்."

வேறு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2 அன்று ஓட்டுநர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.